ஆடுதுறையைத் தாண்டாத கார்

எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் அவர் வீட்டுக் கொல்லையில் விழுந்தது. அதைக் கொடுக்கத்தான் அவர் முதன்முதலில் எங்கள் வாசலுக்கு வந்தார். தேங்காயை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அதோடு கூடவே விழுந்த ஒடிந்த பாளைத் துண்டையும் இரண்டு குரும்பைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"டீச்சர், உங்க மரத்துச் சாமான். எல்லாம் இருக்கான்னு பாத்துக்கங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குரும்பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் அவர் முகத்தில் ஒரு துளி கிண்டல் இல்லை. மரத்தில் ஒட்டவைக்க முடியுமானால் ஏணி போட்டு ஏறியிருப்பார்.

திருவிடைமருதூரில் பாய்கள் எத்தனையோ பேர். எங்கள் தெருவில் பாய் என்றால் அவர் ஒருவர்தான். பதினெட்டு வருஷம் வளைகுடா நாட்டில் ஓர் அமெரிக்க இன்ஜினீயரிடம் டிரைவராக இருந்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்து, வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். எல்லோரும் போகிற நேரத்தில் இவர் திரும்பி வந்தார். நான் பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். என் வீட்டுக்காரர் பாங்க் மாற்றலில் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அதனால் பக்கத்து வீட்டு வேடிக்கை பார்க்க எனக்கு வாரத்தில் ஆறு நாள் இருந்தது.

பாய்க்கு ஒரே ஒரு வியாதி. எது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால் கலைந்து கிடக்கும் செருப்புகளை எல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் தன் செருப்பைப் போடுவார். ஒருநாள் ஒன்றோடொன்று ஜோடி சேராத இரண்டு செருப்புகள் மிஞ்சிவிட்டன. அவற்றின் ஜோடிகளைத் தவறுதலாகப் போட்டுக்கொண்டு போன ஆளைக் கடைத்தெருவில் பிடித்து, நடுரோட்டில் கழற்ற வைத்துத்தான் ஓய்ந்தார். கல்யாண வீட்டில் நாற்காலி வாடகைக்கு விட்டவரே அடுக்காமல் போனாலும் இவர் அடுக்குவார். நல்ல மனுஷர்தான், ஆனால் கூட இருப்பவர்களுக்குச் சில நேரம் மண்டை காயும்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். பதினெட்டு வருஷமும் குத்தகை நிலத்தையும் வீட்டையும் தனியாகக் கட்டி மேய்த்தவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடுப்படிக்குள்ள வந்துட்டாரு டீச்சர். நான் உப்பு ஜாடிய வலப்பக்கம் வெச்சுப் பழகிட்டேன். இவரு ஊர விட்டுப் போறப்ப அது இடப்பக்கம் இருந்துச்சாம். தூக்கி இடப்பக்கம் வெச்சுட்டாரு. இன்னிக்குக் கொழம்புல ஜீனி!"

"சாப்பிட்டாரா?"

"நல்லாருக்குன்னாரு. அதான் எரிச்சலா வருது."

இப்போது காருக்கு வருகிறேன். அந்த அமெரிக்கர் தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழைய கார் அது. வேலை முடிந்து கிளம்பும்போது பாயிடமே விட்டுவிட்டுப் போனார். பாய் அதை மறுபடியும் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தானே ஓட்டி வந்தார். பட்டர் பிஸ்கட் நிறம். எங்கள் தெருவில் அது திரும்ப வேண்டுமானால் இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கிற சைக்கிளை எடுக்க வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் சிவப்பு எழுத்தில் அதை எழுதியும் வைத்திருந்தார்.

அது வெறும் கார் இல்லை. வளைகுடாவில் இருந்த நாட்களில் அவர் அக்காவுக்குக் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புவார். ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும் ஒரே பேச்சு: ஒருநாள் காரில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பூம்புகார் வரைக்கும் போவேன், வழியில் எங்கே நிறுத்தச் சொல்கிறாயோ அங்கே நிறுத்துவேன். அக்கா அந்தக் கேசட்டுகளை அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். என்னிடம் காட்டியபோது மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

வண்டியை நெல் மூட்டை போடும் கொட்டகையில் நிறுத்தினார்கள். மூட்டைகளை வெளியே எடுத்தார்கள். நெல்லைத் தின்று வளர்ந்த எலிகள் என்ன செய்யும்? இன்ஜினில் இருந்த மெல்லிசு ரப்பர் குழாய்களைத் தின்றன. வண்டி குலுங்க ஆரம்பித்தது. அந்தச் சமயம் பாய்க்கு வளைகுடாவில் பாக்கியிருந்த சம்பளக் கணக்கை முடிக்க மூன்று மாதம் திரும்பப் போக வேண்டி வந்தது. மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எது எதற்கு என்று தெரியவில்லையோ அது வேண்டாத சாமான். அமெரிக்கக் காரில் புகையைக் குறைக்கவும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கவும் என்று ஏகப்பட்ட டப்பாவும் பம்பும் வால்வும் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார். வண்டி ஓடியது. கழற்றிய சாமான்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தார்.

பாய் வந்தார். வண்டி ஓடுவதைப் பார்த்து, பானெட்டைக்கூடத் திறக்காமல், அடுத்த வெள்ளிக்கிழமையே அக்காவைப் புதுப் புடவையில் உட்கார வைத்துக் கிளம்பினார். தெருவே நின்று பார்த்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ஆடுதுறை ரயில்வே கேட் மூடியிருக்க, வண்டிக்குள் பெட்ரோல் வாடை குப்பென்று ஏற, அக்கா புதுப் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் ஆடுதுறையோடு சரி. அக்கா பஸ்ஸில் கும்பகோணம் போவார், லாரியில் நெல்லோடு போவார், ஒன்றும் ஆகாது. இந்தக் காரில் மட்டும் ஆகவில்லை.

அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மேட்டூர் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர்ற வரைக்கும் பாப்பேன். குறுவைக்கு வெத மூட்டை, உர மூட்டை எல்லாம் வந்து எறங்கணும், எனக்குக் கொட்டகை வேணும். அதுக்குள்ள சரியாகலன்னா சினிமாவுக்கு வண்டி வுடுற மெட்ராஸ்காரருக்குக் குடுத்துடுங்க."

மறுநாள் காலை பாய் ஒரு தடிப் புத்தகத்தோடு என் வீட்டில் நின்றார். காரோடு வந்த ரிப்பேர் புத்தகம், முழுக்க ஆங்கிலம்.

"டீச்சர், இதுல வாந்தி பத்தி எங்கயாவது போட்டிருக்கானான்னு பாருங்க."

வாந்தி பற்றிப் போடவில்லை. பெட்ரோல் வாடை பற்றிப் போட்டிருந்தது. டாங்கியில் எழும் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்திருந்து இன்ஜினுக்கே அனுப்ப வேண்டும். எரியாமல் போகிற பெட்ரோலை எரிக்க ஒரு பம்ப் புகைக்குழாய்க்குள் காற்றை ஊத வேண்டும். படத்தில் இருந்தவற்றை நான் விரலால் காட்டக் காட்ட, பாய் தெருவில் நின்ற காரைத் திறந்து திறந்து பார்த்தார். ஒன்றுகூட இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத் தோன்றியது.

"கரி டப்பா மட்டும் இருந்தாப் போதும் போலிருக்கு பாய்" என்றேன்.

"அது எப்படி டீச்சர்? ஒண்ண மட்டும் கூப்புட்டா மத்தது எல்லாம் கோவிச்சுக்காதா?"

ஆரம்பித்தது ஊர்வலம். நானும் வேடிக்கைக்காகச் சனிக்கிழமைகளில் கூடப் போனேன்.

காற்றுப் பம்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரிடம் இருந்தது. துருத்திக்குப் பதில் ஒரு சின்ன மோட்டாரில் அதை மாட்டி நெருப்பை ஊதவிட்டிருந்தார். "தங்கமான சாமான் பாய், தர மாட்டேன்" என்றார். பாய் வீட்டுக்கு ஓடி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தூசி உறிஞ்சும் மிஷினைத் தூக்கி வந்தார். அதில் குழாயைப் பின்பக்கம் மாற்றி மாட்டினால் உறிஞ்சாது, ஊதும். போட்ட முதல் நிமிஷத்தில் அடுப்புச் சாம்பல் முழுக்க எழுந்து எங்கள் மூன்று பேரையும் வெள்ளையாக்கிவிட்டது. ஈயம் பூசுகிறவர் சாம்பல் முகத்தோடு "இது இன்னும் தங்கம்!" என்று கத்தினார். பம்ப் கைக்கு வந்தது.

புகை வால்வு பரிசுச் சீட்டுக் கடையில் சீட்டு பறக்காமல் இருக்க வைக்கும் பாரமாக உட்கார்ந்திருந்தது. அது வந்த வாரம் யாருக்கோ ஒரு பரிசு விழுந்துவிட்டதாம். சீட்டு வாங்குகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பாய் சண்டை போடவில்லை. தினமும் மாலை அந்தக் கடை ஓரமாகப் போய் நின்றார். வருகிறவர்களிடம் மரியாதையாக, "அது நம்ம வண்டிச் சாமான்தாங்க. புகைக்குழாய்ல இருந்தது. உள்ள பூரா கரி, கண்ணுல வைக்காதீங்க, எரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் கடைக்காரரே தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் கும்பிடு போட்டார்.

கரி டப்பா இஸ்திரி போடுகிறவரிடம் கிடைத்தது. கேட்டதுமே கொடுத்தார், கேட்காத கதையையும் சொன்னார். டப்பாவின் அடியைத் திறந்து, உள்ளே நல்ல கரி இருக்கிறதே என்று பெட்டியில் கொட்டிப் பற்ற வைத்திருக்கிறார். "பக்குன்னு ஆள் ஒசரத்துக்கு எரிஞ்சுது டீச்சர். வக்கீல் வேட்டி போச்சு, என் புருவமும் போச்சு." ஒரு பக்கப் புருவம் அப்போதுதான் லேசாக முளைத்துக்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. சிரித்ததற்குப் பதில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"கரி இல்லையே டீச்சர், என்ன செய்ய?" என்று பாய் கேட்டார்.

"கரின்னா கரிதானே பாய், அவர்கிட்டயே ரெண்டு பிடி வாங்கி நுணுக்கிப் போடுங்க" என்றேன். எம்.எஸ்ஸி. படித்தவள் சொன்னதால் அவர் மறுபேச்சில்லாமல் அதையே போட்டார்.

குழாய்கள் புதிதாக வாங்கினோம். எந்தக் குழாய் எதில் போகும் என்று பானெட்டின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும், அதைப் பார்க்கவும் என்றது புத்தகம். பானெட்டைத் தூக்கினால் அந்த இடத்தில் பிள்ளையார் சிரித்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை அன்று மெக்கானிக் ஒட்டியது.

"ஏதோ கோடு கோடா கெடந்துச்சு பாய். மூளியா இருக்கேன்னு சாமி படம் ஒட்டினேன்" என்றார் மெக்கானிக்.

"சரி, எடுங்க தம்பி."

"நானா? பிள்ளையாரையா? கைய வெட்டினாலும் கிழிக்க மாட்டேன்."

"நீங்களே மாட்டேன்னா நான் எப்படித் தம்பி கிழிக்கிறது? ஆசையா ஒட்டியிருக்கீங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பகுத்தறிவு பேசுகிறவள்தான், ஆனால் அந்த வாரம் என் மாணவிகளுக்குப் பொதுத்தேர்வு முடிவு வரவிருந்தது. நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் மூன்று பேரும் பிள்ளையாரைப் பார்த்தபடி நின்றோம்.

அதுவரை கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்காத அக்கா, இடியாப்பம் அவிந்துகொண்டிருந்த பானையை அடுப்பிலிருந்து ஆவியோடு தூக்கி வந்து பானெட்டுக்குக் கீழே வைத்தார். "எதுக்குக் கிழிக்கணும்? ஆவி பட்டா அவரா எந்திரிச்சு வருவாரு. வேற எடத்துல உக்கார வைங்க" என்றார். அப்படியே ஆனது. தும்பிக்கை நுனிகூடச் சேதமில்லாமல் பிள்ளையார் உரிந்து வந்தார். மெக்கானிக் அவரை இரண்டு கையிலும் ஏந்திப் போய் ஏர் ஃபில்டர் மூடி மேல் குடியேற்றினார். அடியிலிருந்த குழாய்ப் படம் வெயிலும் எண்ணெயும் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. அன்று எல்லோரும் கொட்டகையிலேயே இடியாப்பம் சாப்பிட்டோம்.

எல்லாம் மாட்டியாயிற்று. வாடை அளக்க எங்கள் ஊரில் மிஷின் ஏது? அக்காவின் மூக்குதான் மிஷின். ஒவ்வொரு சாமான் மாட்டியதும் பத்தடி தள்ளி நின்று, மூக்கை மூடிய முந்தானையை எடுத்துவிட்டு, ஒரு மூச்சு இழுப்பார். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்பார். கடைசிச் சாமானும் மாட்டிய அன்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா காருக்குள்ளேயே தலையை விட்டார். உடனே வெளியே இழுத்தார்.

"இருக்கு. டாங்கி வாடை அப்படியேதான் இருக்கு."

மேட்டூர் திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கல்லணை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டதாகப் பேச்சு. சென்னைக்காரர் ஞாயிறு காலை வருவதாகப் போன் செய்திருந்தார்.

அன்று மாலை பாய் எங்கள் வேலியோரம் நின்றார். தெருவில் எது கலைந்து கிடந்தாலும் அடுக்கும் கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் இருந்த எடத்துலதானே மாட்டினேன் டீச்சர். ரொம்ப நாள் கழட்டிப் போட்ட சாமான் திரும்பப் பொருந்தாது போலிருக்கு."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"பொருந்தாம என்ன? ஜாடியத் தொடாம இருந்தா எல்லாம் பொருந்தும்."

பாய் உள்ளே போனார். நானும் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் வகுப்பு. பரப்புக் கவர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். வாயுக்களைப் பிடித்து வைக்கும் பொருளுக்கு எடுத்துக்காட்டு என்று கரும்பலகையில் 'கிளர்வுற்ற கரி' என்று எழுதி முடித்தவள், அப்படியே நின்றுவிட்டேன். இஸ்திரிக்காரரின் புருவம் கண் முன்னால் வந்தது. அந்தக் கரி ஏன் ஆள் உயரத்துக்கு எரிந்தது? அதற்குள் பெட்ரோல் இருந்தது, அதனால் எரிந்தது. அடுப்புக்கரி அப்படிப் பிடிக்குமா? வருஷம் தவறாமல் இதை நடத்துகிறவள் நான், இரண்டு பிடி அடுப்புக்கரியை நுணுக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்! "என்னை மாதிரி ஒரு மக்கு உண்டா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன் பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே கொட்டாங்கச்சியைச் சுட்டு, நீராவி பாய்ச்சி, இந்தக் கரியைத் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்கூடம் இருந்தது எனக்குத் தெரியும், மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பை பிரிந்து, பக்கத்து சீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. அவர் திட்டினார். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை பாய் டப்பாவைத் திறந்து, பழைய கரியைக் கொட்டி, இதை நிரப்பி மாட்டினார். மத்தியானம் வரை வெயிலில் வண்டியை நிறுத்தினோம். அக்கா வந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க. டீச்சர், நீங்க பின்னாடி ஏறுங்க."

நான் அப்படியே, கரி அப்பிய கையோடு, ஏறினேன். தெருமுனை வாய்க்காலில் அப்போதுதான் புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக உருண்டு வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதன் முன்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். பாய்க்கும் கத்த வேண்டும் போல இருந்திருக்க வேண்டும், ஆரனை அழுத்திக்கொண்டே போனார்.

ஆடுதுறையில் கேட் மூடியிருந்தது. பாய் இன்ஜினை நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். ரயில் வருகிற வழியாக இல்லை. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து பையைத் திறந்தார். நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"பசிக்குது" என்றார். பிறகு முறுக்கை எனக்கு நீட்டிக்கொண்டே, "காலைல பாத்தேன் டீச்சர். உப்பு ஜாடி வலப்பக்கம் வந்து உக்காந்துருக்கு. நான் தொடல" என்றார்.

பாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

கேட் திறந்தது. ஆடுதுறையைத் தாண்டினோம். எங்களுக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி, ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் பாய்க்கு லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்கிற இடத்தில் அக்காதான் உட்கார்ந்திருந்தார்.

"போலாமா?" என்றார் பாய்.

அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். "இருங்க. பஸ் வருது."

பஸ் போனது.

"இப்ப?"

"இருங்க. சைக்கிள்."

"இப்பவாவது?"

"அவசரத்தப் பாரு. நான் பதினெட்டு வருஷம் இருக்கல?"

பாய் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். லாரியின் பின்னால் வைக்கோல் பறந்து வந்து அக்காவின் தலையில் உட்கார்ந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கண்ணைச் சுருக்கி, மாயவரம் ரோடு முழுவதையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"ம்... இப்ப போங்க."